அழற்சி என்னும் தீ: உடலின் காவல் அணுக்களில் நொதிகள் செய்யும் வேலை

(விழாவின் அறிவியல் அமர்வில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, கள்ளக்குறிச்சிச் சமவெளியின் நெல்லையும் கரும்பையும் மரவள்ளியையும் வளர்க்கிறது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாக மலர்ந்த இந்நிலப்பகுதி, திருநறுங்கொண்டை மலையையும் தன்னகத்தே கொண்டது. அங்கு அப்பாண்டைநாதரைத் தொழுது நிற்போர், பகவான் பார்சுவநாதரின் திருமுடிமேல் நாகம் படம் விரித்துக் காத்து நிற்பதைக் காண்பர். நஞ்சுடைய உயிரே காவலாக நிற்கும் காட்சி அது. இன்றைய பேச்சின் பொருளும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. மனித உடலைக் காக்கும் அணுக்களே ஒரு வேளையில் அதைச் சுடவும் செய்கின்றன. காப்பதும் சுடுவதும் ஒரே கருவியால் நிகழ்கின்றன. அக்கருவியின் பெயர் நொதி.

நொதி என்பது யாது?

நொதி என்பது உயிரணு செய்துகொள்ளும் ஒரு புரதம். ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றுவது அதன் வேலை. மாற்றிய பின்பு தான் மாறாமல் நின்று, அடுத்த மூலக்கூற்றை எடுத்துக்கொள்ளும். பாலைத் தயிராக்குவதும், மாவைப் புளிக்க வைப்பதும் நுண்ணுயிர்களின் நொதிகளே. வாயில் இட்ட சோறு மெல்ல மெல்ல இனிப்பதும் உமிழ்நீரில் உள்ள நொதியாலேயே.

நொதியின் வலிமை எத்தகையது என்பதைக் கள்ளக்குறிச்சி மக்கள் பெருந்துயரின் வாயிலாக அறிந்திருக்கின்றனர். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தியவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் பார்வையை இழந்தனர். மெத்தனால் குடலுக்குள் சென்ற அளவிலேயே அத்தனை கொடுமையையும் செய்துவிடுவதில்லை. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதனைப் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. மற்றொரு நொதி அதைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலமே கண் நரம்பைக் கெடுத்து, குருதியைப் புளிக்கச் செய்து, உயிரைக் குடிக்கிறது. ஆதலால் மருத்துவர்கள் இந்நஞ்சுக்குத் தரும் போமெப்பிசோல் என்னும் மருந்து மெத்தனாலைத் தொடுவதே இல்லை. அது முதல் நொதியின் கையைக் கட்டுகிறது. நொதி ஓய்ந்தால் மெத்தனால் மெத்தனாலாகவே உடலை விட்டு வெளியேறும். காலம் தாழ்ந்து, நொதி தன் வேலையை முடித்துவிட்ட பின்பு கொடுத்தால் பயன் குறைவு.

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி வருவன யாவும் எளிதில் விளங்கும். தீங்கு செய்யும் பொருள் வெளியிலிருந்து வந்ததாகத் தோன்றினாலும், அதைத் தீங்காக்கும் இறுதி வேலையை உடலின் நொதியே செய்வதுண்டு. நொதியை அறிந்தால் மருந்தை அறியலாம். நொதியை அறியாது மருந்தை விழுங்கினால் புதிய தீங்கு விளையும்.

சோகை கிழித்த கை

கரும்பு வெட்டும் ஒருவரின் முன்கையைச் சோகை கிழித்துவிடுகிறது என்று கொள்க. சிறிது நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. செம்மை, வெம்மை, வீக்கம், வலி என்னும் இந்நான்கையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே உரோமாபுரியின் செல்சஸ் என்பார் எழுதி வைத்தார். இதனையே இன்று அழற்சி என்கின்றனர். அழல் என்றால் தீ. தமிழ்ச் சொல்லே அதன் தன்மையை உரைத்துவிடுகிறது.

சோகையில் நஞ்சு இல்லை. பின் அந்தத் தீயை மூட்டியவர் யார்? தோலுக்கடியில் காவல் இருக்கும் அணுக்களே மூட்டின. மாஸ்ட் அணுக்கள், மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கணுக்கள், குருதியிலிருந்து ஓடிவரும் நியூட்ரோஃபில்கள் ஆகியவை அக்காவலர்கள். காயத்தில் நுழைந்த கிருமியின் வாசனையை உணர்ந்ததும் அவை அழைப்பு விடுக்கின்றன. அந்த அழைப்பு பல வகையான பொருள்களால் ஆனது. அவற்றுள் மிக விரைவானவற்றுள் ஒன்று கொழுப்பினத்தைச் சேர்ந்தது.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஹிஸ்டமின் போன்ற பொருள்களை மாஸ்ட் அணு முன்னரே செய்து சிறு பைகளில் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் அழற்சிக் கொழுப்புகளை எந்த அணுவும் சேர்த்து வைப்பதில்லை. வேண்டும் அந்நேரத்தில், வேண்டும் அவ்விடத்தில், தன் சுவரையே அறுத்து அவற்றைச் செய்துகொள்கிறது. செய்த பொருள் சில நிமிடங்களில் சிதைந்தும் போகிறது. ஆகவே அழற்சியின் அளவை ஆள்வது இருப்பு அன்று. நொதிகளின் வேலையே ஆகும்.

முதல் அறுவை

ஒவ்வோர் அணுவையும் சூழ்ந்திருக்கும் சவ்வு பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பால் ஆனது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தலையும் இரண்டு வால்களும் உடையது. இரண்டாவது வாலாகப் பல இடங்களில் அமைந்திருப்பது அராக்கிடோனிக் அமிலம். 20 கரி அணுக்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட நீண்ட சங்கிலி அது. அதன் பெயருக்கு வேர் நிலக்கடலை. நிலக்கடலையின் தாவரவியற் பெயர் அராக்கிஸ். அதன் எண்ணெயில் கண்ட 20 கரி அணுக்கள் உடைய அமிலத்துக்கு அராக்கிடிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதே நீளமுடைய இதற்கு அராக்கிடோனிக் என்ற பெயர் வந்தது. பெயர் அவ்வாறு வந்ததே தவிர, நிலக்கடலையில் அராக்கிடோனிக் அமிலம் இல்லை.

சவ்வோடு கட்டுண்டிருக்கும் வரை இந்த அமிலம் எவருக்கும் தீங்கு செய்யாது. காயமோ கிருமியோ அணுவைத் தூண்டும்போது, அணுவின் உள்ளே சுண்ணச்சத்து அயனிகளின் அளவு உயர்கிறது. அதுவரை திரவத்தில் மிதந்துகொண்டிருந்த பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி உடனே உள்சவ்வுகளில் சென்று ஒட்டி, அந்த இரண்டாம் வாலை வெட்டி விடுகிறது. தளையினின்று விடுபட்ட அராக்கிடோனிக் அமிலமே பின்வரும் அனைத்துக்கும் மூலப்பொருள்.

இந்த நொதியின் உறவினர்கள் மலையிலும் வயலிலும் உலவுகின்றனர் என்பது பலர் அறியாதது. கல்வராயன் மலைப் பாறைகளில் கூடு கட்டும் மலைத்தேனீயின் கொடுக்கில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 உண்டு. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சிலும் இந்த நொதிக் குடும்பத்தினர் உண்டு. கொட்டிய இடமும் கடித்த இடமும் வீங்கி வலிப்பதற்கு, நஞ்சின் நொதி சவ்வை வெட்டுவதும், அதனால் தூண்டப்பெற்ற காவல் அணுக்களின் நொதிகள் அடுத்த வேலைகளைத் தொடங்குவதும் காரணங்களுள் சில. வெளியிலிருந்து வந்த கத்தியும் வீட்டிலிருந்த கத்தியும் ஒரே இடத்தில் வெட்டுபவை.

இரண்டு பாதைகள்

விடுபட்ட அராக்கிடோனிக் அமிலத்தின் முன் இரண்டு பெரும் பாதைகள் உள்ளன. எந்தப் பாதையில் செல்வது என்பதை அந்த அணுவில் எந்த நொதி இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

முதற்பாதையின் வாயிலில் நிற்பது சைக்ளோ ஆக்சிஜனேஸ். சுருக்கமாகக் காக்ஸ் என்பர். இது நேராக நீண்டிருந்த சங்கிலியை நடுவில் வளைத்து, ஆக்சிஜனைச் சேர்த்து, வளையம் ஆக்குகிறது. அதிலிருந்து வேறு நொதிகள் புரோஸ்டாகிளாண்டின்களைச் செய்கின்றன. பெருவிழுங்கணுவில் முதன்மையாக விளைவது புரோஸ்டாகிளாண்டின் ஈ2. அதுவே குருதி நாளங்களை விரித்து இடத்தைச் சிவக்கச் செய்கிறது. வலி நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு நடுவத்தை எட்டிக் காய்ச்சலை உண்டாக்குகிறது. மாஸ்ட் அணுவில் விளைவது புரோஸ்டாகிளாண்டின் டி2. குருதித் தட்டுகளில் விளைவது திராம்பாக்சேன். அது குருதியை உறையச் செய்கிறது. வாயில் ஒன்று, வழிகள் பல.

இரண்டாம் பாதையின் வாயிலில் நிற்பது 5-லைப்பாக்சிஜனேஸ். இது பெரும்பாலும் வெள்ளணுக்களிலேயே உள்ளது. இதிலிருந்து பிறப்பவை லுக்கோட்ரையீன்கள். நியூட்ரோஃபில்கள் செய்யும் லுக்கோட்ரையீன் பி4, தொலைவில் இருக்கும் மற்ற நியூட்ரோஃபில்களைக் காயத்தை நோக்கி இழுக்கும் அழைப்பு ஆகும். மாஸ்ட் அணுக்களும் ஈசினோஃபில்களும் செய்யும் லுக்கோட்ரையீன் சி4, அதிலிருந்து வரும் டி4 ஆகியன மூச்சுக் குழல்களைச் சுருக்குகின்றன. இவ்வேலையில் இவை ஹிஸ்டமினைக் காட்டிலும் ஏறத்தாழ 1000 மடங்கு வலியன என்று மதிப்பிடப்பட்டுள்ளன. இளைப்பு நோயில் குழந்தையின் நெஞ்சு சீழ்க்கை அடிப்பதற்குப் பின்னால் இந்த நொதியின் வேலை இருக்கிறது.

அறிவு வளர்ந்த வரலாறு

1930களில் சுவீடன் நாட்டின் உல்ஃப் வான் ஆய்லர் விந்து நீரில் இப்பொருள்களின் செயலைக் கண்டு, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணிப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயரிட்டார். 1938இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்கும் சார்லஸ் கெல்லவேயும் நாகத்தின் நஞ்சைக் கினிப்பன்றியின் நுரையீரலில் செலுத்தினர். அதிலிருந்து தசையை மெதுவாக, ஆனால் நெடுநேரம் சுருக்கும் ஒரு பொருள் வெளிப்பட்டது. அது என்ன பொருள் என்று அறிய 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1979இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பெங்ட் சாமுவேல்சன் குழுவினர் அதன் அமைப்பைக் கண்டு லுக்கோட்ரையீன் என்று பெயர் சூட்டினர்.

இதற்கிடையில் 1971இல் இலண்டனில் ஜான் வேன் ஒரு பழைய புதிரை விடுவித்தார். ஆஸ்பிரின் 1899 முதல் கடைகளில் விற்கப்பட்டு வந்தது. கோடிக்கணக்கானோர் அதை விழுங்கினர். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது மட்டும் 70 ஆண்டுகளாக எவருக்கும் தெரியாது. புரோஸ்டாகிளாண்டின் செய்யும் நொதியை ஆஸ்பிரின் அடைத்துவிடுகிறது என்று வேன் காட்டினார். 1982இல் சூனே பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன், வேன் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இவ்வறிவில் பெரும்பகுதி சிற்றுயிர்களின் உடல்களிலிருந்து பெறப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வலி தணிந்து உறங்கும் ஒவ்வொரு மனிதரும் பெயரறியா உயிர்களுக்குக் கடன்பட்டவர். இன்று வளர்ப்பு அணுக்களைக் கொண்டே பல ஆய்வுகள் நிகழ்கின்றன என்பது சிறிது ஆறுதல்.

தீயை அடியோடு அணைக்கலாமா?

அழற்சி நோய் அன்று. அது உடலின் காவல். புரோஸ்டாகிளாண்டினும் லுக்கோட்ரையீனும் முற்றிலும் இல்லாத உடலில் காயம் ஆறுவதும் கிருமி அழிவதும் குன்றிவிடும். அடுப்புத் தீ சோறாக்கும். கூரைத் தீ வீட்டை எரிக்கும். வேண்டுவது அளவும் இடமும்.

காக்ஸ் நொதி இருவகைப்படும். ஒன்று பல உறுப்புகளில் எந்நேரமும் வேலை செய்வது. இரைப்பையின் சுவரை அமிலம் அரிக்காதபடி காக்கும் சளிப்படலத்தைப் பேணுவது அதன் கடமைகளுள் ஒன்று. மற்றொன்றான காக்ஸ்-2, பெருவிழுங்கணுக்களில் கிருமியின் தூண்டுதலுக்குப் பின் சில மணி நேரத்தில் புதிதாகச் செய்யப்படுவது. சிறுநீரகத்தில் இருவகையும் இருந்து, உடல் நீர் குறையும்போது குருதி ஓட்டம் குன்றாமல் காக்கின்றன. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இரண்டையும் அடைக்கின்றன. வலி தணிகிறது, கூடவே இரைப்பையின் காவலும் தளர்கிறது. காக்ஸ்-2ஐ மட்டும் அடைக்கும் மருந்துகள் பின்னர் வந்தன. அவற்றுள் ஒன்றான ரோஃபெகாக்சிப், மாரடைப்பை மிகுவித்தமையால் 2004இல் உலகச் சந்தையினின்றே திரும்பப் பெறப்பட்டது. நல்ல நொதி, தீய நொதி என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதை அந்நிகழ்ச்சி மருத்துவ உலகுக்கு உணர்த்தியது.

இது ஏட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. வெயிலில் நாள் முழுதும் கரும்பு வெட்டியவரும், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியவரும், நாற்று நட்டவரும் மாலையில் மருந்துக் கடையில் நின்று, உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை என்று கேட்டு வாங்கும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. காகிதத்தில் மடித்துத் தரப்படும் அந்த மாத்திரைகளின் பெயரை வாங்குபவர் அறியார். வியர்வையில் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தின் குருதி ஓட்டத்தைத் தாங்கி நிற்பது புரோஸ்டாகிளாண்டினே. அந்நேரத்தில் அதைச் செய்யும் நொதியை அடைப்பது, மடை வறண்டிருக்கும்போது வாய்க்காலையும் மூடுவதற்கு ஒப்பாகும். ஒரு நாள் உண்டவர்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. திங்கள்தோறும் ஆண்டுதோறும் உண்பவர்க்கு இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரலாம். செட்டில் ஸ்டீராய்டு சேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் கடுமை. ஸ்டீராய்டு அராக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கும் முதல் அறுவையையே தளர்த்திவிடும். காக்ஸ்-2 உண்டாவதையும் தடுக்கும். அதனால் சுகம் உடனே தெரியும். சர்க்கரை ஏறுவதும் எலும்பு மெலிவதும் பின்னரே தெரியும்.

நோன்பிருப்போரும் இதைக் கருத வேண்டும். நீரும் அருந்தாத உபவாச நாளில், அல்லது வெறும் வயிற்றில், இம்மாத்திரைகளை உண்பது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் இரட்டைச் சுமை. நாள்தோறும் மருந்து உண்ணும் முதியோர் நோன்பு ஏற்கும் முன் மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடா என்று அரசு நலத்துறை அறிவுறுத்துவதற்கும் இதுவே காரணம். குருதித் தட்டுகள் முன்னரே குறைந்திருக்கும்போது, திராம்பாக்சேன் செய்யும் நொதியையும் அடைத்தால் குருதிக் கசிவு மிகும். ஆஸ்பிரின் அந்நொதியை மீளாதபடி பூட்டிவிடுகிறது. குருதித் தட்டுக்கு உட்கரு இல்லை. ஆதலால் அது புது நொதி செய்துகொள்ள இயலாது. அதன் வாழ்நாளான 7 முதல் 10 நாள் வரை அவ்வாறே கிடக்கும். பாம்புக் கடிக்கு ஆளானவர்க்கும் இது பொருந்தும். விரியன் நஞ்சு குருதி உறைதலைக் கெடுப்பது. அதன்மேல் இம்மாத்திரையும் சேரலாகாது. கீறாமல், இறுகக் கட்டாமல், கை கால்களை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைவதே வழி. அங்குத் தரப்படும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டும் நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானோர் 1978இல் வடநெம்மேலியில் தொடங்கப்பெற்ற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். நஞ்சை எடுத்த பின் பாம்புகளை அவர்கள் உயிரோடு காட்டில் விட்டுவிடுகின்றனர்.

இளைப்பு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர்க்கும் ஒரு சொல். லுக்கோட்ரையீன் சென்று பற்றும் இடத்தை மறைக்கும் மான்டெலுகாஸ்ட் என்னும் மருந்து இன்று பலருக்கும் தரப்படுகிறது. இளைப்பு உள்ளோரில் சிலருக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை உண்டதும் மூச்சுத் திணறல் மிகும். காக்ஸ் பாதை அடைபடும்போது லுக்கோட்ரையீன் பாதையைக் கட்டுக்குள் வைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் ஈ2 குறைந்துவிடுகிறது. ஒரு வாயிலை மூடினால் மறு வாயிலில் கூட்டம் பெருகும். அத்தகையோர் தம் ஒவ்வாமையை எந்த மருத்துவரிடமும் முதலில் சொல்ல வேண்டும்.

பசுவுக்குக் கொடுத்த மருந்து

உயிர்களிடத்து இரக்கமுடையோர் அறிய வேண்டிய வரலாறு ஒன்று இப்பொருளோடு இணைந்துள்ளது. நோயுற்ற மாடுகளின் வலியைத் தணிக்க 1990களில் டைக்ளோஃபினாக் ஊசி இந்தியாவெங்கும் பரவியது. அதே காலத்தில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் மறையத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. நோயா, நஞ்சா என்று பல்லாண்டு தேடியபின், 2004இல் உண்மை வெளிப்பட்டது. டைக்ளோஃபினாக் செலுத்தப்பட்டு இறந்த மாட்டை உண்ட பறவைகளின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெண்பொடியாகப் படிந்து, சில நாள்களில் அவை மடிந்தன. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தது. அதே நொதியை அடைப்பதாயினும் பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறுகள் பெரும்பாலும் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கை அண்டியே எஞ்சியுள்ளன.

மாட்டின் வலி தீர்க்க நினைத்தவர் கொலை நினைத்தவர் அல்லர். ஆயினும் அறியாமை ஓர் இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. கொல்லாமை நோன்புக்கு இரக்கம் மட்டும் போதாது, நல்லறிவும் வேண்டும். நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம் என்று மூன்றையும் ஒருங்கே வைத்த மரபினர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோசாலை நடத்தும் அறக்கட்டளைகளும் மாடு வளர்க்கும் குடும்பத்தினரும் கால்நடை மருத்துவர் எழுதும் ஊசியின் பெயரைக் கேட்டறிவது இன்றும் பயனுள்ள அறச்செயல்.

தானே தணியும் தீ

மூண்ட அழற்சி எவ்வாறு அடங்குகிறது? எரிபொருள் தீர்ந்ததும் தானே அவிந்துவிடும் என்றே நெடுங்காலம் எண்ணினர். 1984இல் சாமுவேல்சனோடு பணியாற்றிய சார்லஸ் செர்ஹான், அதே அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து லைப்பாக்சின் என்னும் பொருள்களும் பிறப்பதைக் கண்டார். இவை நியூட்ரோஃபில்களின் வரவை நிறுத்துகின்றன. இறந்த அணுக்களை விழுங்கித் துப்புரவு செய்யுமாறு பெருவிழுங்கணுக்களை ஏவுகின்றன. 2000க்குப் பின் ஒமேகா-3 கொழுப்புகளிலிருந்து பிறக்கும் ரிசால்வின் முதலியனவும் அறியப்பட்டன.

அதனினும் வியப்பு, அடங்கும் ஆணை எங்கிருந்து வருகிறது என்பது. தொடக்கத்தில் அழற்சியை மூட்டிய புரோஸ்டாகிளாண்டின் ஈ2, நேரம் செல்லச் செல்ல நியூட்ரோஃபில்களின் நொதிகளை மாற்றியமைக்கிறது. லுக்கோட்ரையீன் செய்துகொண்டிருந்த அணு லைப்பாக்சின் செய்யத் தொடங்குகிறது. 2001இல் இம்மாற்றம் விளக்கப்பட்டது. சினத்தின் தொடக்கத்திலேயே பொறுமையின் விதையும் உடலுக்குள் இடப்பட்டிருக்கிறது. எழுந்த சினம் தணியாது நின்றுவிடுவதே மூட்டுவாதம், நாட்பட்ட இளைப்பு, குருதிக் குழாய்த் தடிப்பு முதலிய நெடுநோய்களாக வெளிப்படுகிறது.

உணவும் நொதியும்

ஊன் உண்ணாத குடும்பங்களில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. அராக்கிடோனிக் அமிலம் இறைச்சியிலும் முட்டையிலுமே மிகுதி. அப்படியாயின் மரக்கறி உண்பவர் உடலில் அது எங்கிருந்து வருகிறது? நல்லெண்ணெயிலும் கடலெண்ணெயிலும் உள்ள லினோலெயிக் அமிலத்தை, உடலின் நொதிகளே படிப்படியாக நீட்டி அராக்கிடோனிக் அமிலமாக்கிக்கொள்கின்றன. 2016இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நொதியின் மரபணுவில் ஒரு சிறு மாற்றத்தை ஆராய்ந்தனர். இம்மாற்றத்தின் இரு படிகளையும் உடையோர் தாவர எண்ணெயிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைத் திறம்படச் செய்துகொள்வர். பெரும்பாலும் மரக்கறி உண்ணும் 234 இந்தியருள் 68 விழுக்காட்டினர் அவ்வாறு இருந்தனர். ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட 311 அமெரிக்கருள் 18 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கொண்ட உணவொழுக்கம் உடலின் நொதியிலும் தடம் பதித்திருக்கிறது என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இத்தகைய உடல், சூரியகாந்தி போன்ற லினோலெயிக் அமிலம் மிக்க எண்ணெயை அளவின்றிப் பெறுமானால், அழற்சிப் பொருள்களையும் மிகுதியாகச் செய்யக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தனர். முடிந்த முடிபாக இதைக் கொள்ளாவிடினும், எண்ணெயில் பொரித்த பண்டங்களைக் குறைப்பது எவ்வாற்றானும் நன்று. மீனெண்ணெய் கொள்ளாதோர்க்கு ஆளிவிதை ஒமேகா-3 கொழுப்பைத் தரும். ஆனால் அதனை உடல் பயன்படுத்தத்தக்க நீண்ட வடிவாக மாற்றும் அளவு சிறிதே. கடற்பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் நேரடியாகவே அந்நீண்ட வடிவைத் தருகிறது. வேண்டுவோர் மருத்துவர் சொற்படி அதை நாடலாம்.

மஞ்சள், சுக்கு, கல்வராயன் மலையில் விளையும் கடுக்காய், வேலியோரத்து நொச்சி முதலியவற்றைப் பற்றியும் கேட்கப்படுவதுண்டு. மஞ்சளின் குர்க்குமின் காக்ஸ்-2ஐயும் 5-லைப்பாக்சிஜனேஸையும் தணிப்பதை ஆய்வுக்கூடக் குடுவைகளில் கண்டுள்ளனர். ஆனால் உண்ட குர்க்குமினில் மிகச் சிறு பங்கே குருதியை அடைகிறது; மிளகு சேர்ந்தால் அப்பங்கு சற்று உயர்கிறது. உணவில் இவற்றுக்குரிய இடம் உண்டு. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இவற்றை நம்புவதற்குச் சான்று இல்லை.

நிறைவாக

உடல் என்பது பகைவர் புகுந்த கோட்டை அன்று. காவலும் கனலும் ஒருங்கே உறையும் வீடு. அதன் நொதிகளை அறிந்தவர் செய்யத்தக்கவை சில. மாத்திரையின் பெயரறியாது உண்ணற்க. மருத்துவர் குறித்த நாளுக்கு மேல் வலி மாத்திரையைத் தொடரற்க. காய்ச்சல் காலத்திலும் பாம்புக் கடியிலும் தாமாக ஆஸ்பிரின் வகையை நாடற்க. வயலில் வேலை செய்வோர்க்கு மாத்திரைக்கு முன் நீரும் நிழலும் ஓய்வும் தருக. அவர்களைக் கொண்டு விளைவிக்கும் நிலக்கிழார்க்கு இது கடமையும் ஆகும். மாட்டுக்குச் செலுத்தும் மருந்து வானத்துப் பறவை வரை செல்லும் என்பதை நினைவில் வைக்க. நாட்பட்ட வலியைப் பொறுத்துப் பொறுத்து மறைக்காமல் காரணத்தைத் தேடுக.

அடுத்த முறை முன்கையில் ஒரு கீறல் சிவந்து சுடும்போது, கண்ணுக்குத் தெரியாத காவலர்கள் தம் சுவரையே அறுத்து அழைப்பு விடுக்கின்றனர் என்பது நினைவுக்கு வரட்டும். அவர்கள் வேலையை முடிக்கச் சிறிது பொழுது தந்தால், பெரும்பாலும் அவர்களே அதை ஆற்றிவிடுவர்.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க. அறம் வளர்க.